பேரடை விளிம்புகளில் கரும்பொருள்

விண்மீன் பேரடையின் ஒளி மங்கி மறையும் எல்லைக்கு அப்பாலும் ஈர்ப்பு செலுத்தும் நிறை பரவியிருக்கிறது. ஒளியை உமிழாத இந்தக் கரும்பொருளை, அங்கே சுற்றும் வாயுவின் வேகத்தை வைத்தே வானியலாளர்கள் கண்டறிந்தனர்.

சூரியனை மிக அருகில் சுற்றும் புதனின் வேகம் நொடிக்கு 47 கி.மீ.; தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு 5.4 கி.மீ. தான். நிறை நடுவில் குவிந்திருந்தால் வெளியே செல்லச் செல்ல வேகம் தணியும். பேரடைகளிலும் இப்படியே இருக்குமென நம்பினர். ஆண்ட்ரோமெடா பேரடையின் வெளிப்பகுதி விரைவாகச் சுழல்வதை 1939இல் ஹோரஸ் பாப்காக் கண்டார். ஆனால் இடையிலுள்ள தூசி ஒளியை உறிஞ்சுவதும் காரணமாகலாம் என்று கருதினார்.

1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அதே பேரடையை மீண்டும் எடுத்துக்கொண்டனர். மங்கிய ஒளியை மின்னணு முறையில் பெருக்கும் குழாய் ஒன்றை ஃபோர்டு நிறமாலைமானியில் பொருத்தியிருந்தார். 67 ஒளிரும் வாயுத் திரள்களின் நிறமாலையைப் பதிவுசெய்து, கோடுகள் எவ்வளவு விலகியுள்ளன என்று அளந்தனர். அந்த விலகல்தான் டாப்ளர் விளைவின்படி வேகத்தைக் காட்டும். சுமார் 78,000 ஒளியாண்டு தொலைவு வரை வேகம் எதிர்பார்த்தபடி சரியவில்லை. ஆனால் காணாத பொருள் உண்டென்று அக்கட்டுரை வாதிடவில்லை. என்.ஜி.சி. 300, எம் 33 ஆகிய பேரடைகளில் அப்படியொரு பொருள் இருக்கலாம் என்று அதே ஆண்டில் எழுதியவர் ஆஸ்திரேலியரான கென் ஃப்ரீமன்.

பொது நூல்கள் பலவும் ரூபினோடு கதையை முடித்துவிடுகின்றன. இது ரேடியோ வானியலாளர்களுக்குச் செய்யும் அநீதி. விண்மீன்கள் அருகிப்போகும் விளிம்பில் சாதாரண தொலைநோக்கிக்கு அளக்க ஒன்றுமில்லை. அங்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் உண்டு. அது 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலையை உமிழ்கிறது. அதைப் பின்பற்றி மார்ட்டன் ராபர்ட்ஸும் ராபர்ட் வைட்ஹர்ஸ்டும் 1975இல் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியை ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு வரை தொடர்ந்தனர். தொலைவுக்கேற்ப வேகத்தைக் காட்டும் வளைகோடு தட்டையாகவே நீண்டது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கிகளைக் கொண்டு, தட்டையான வளைகோடு பல பேரடைகளுக்குப் பொது என்பதை ஆல்பர்ட் போஸ்மா தம் 1978ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டினார். 21 பேரடைகளின் ஒளி அளவீடுகளுடன் ரூபின் குழுவினர் 1980இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே ஐயப்பட்டோர் பலர் இசைந்தனர்.

மிகத் தெளிவான சான்று 1985இல் வந்தது. என்.ஜி.சி. 3198 பேரடையில் ஒளிரும் தட்டைத் தாண்டி வெகுதூரம் பரவிய ஹைட்ரஜன், விளிம்புவரை நொடிக்குச் சுமார் 150 கி.மீ. வேகத்தில் சுற்றியது. அளந்த எல்லைக்குள், தட்டின் நிறையைப் போல் குறைந்தது நான்கு மடங்கு கரும்பொருள் தேவைப்பட்டது. ஈர்ப்பு விதியையே திருத்தலாம் என்று மொர்தகாய் மில்க்ரோம் 1983இல் முன்வைத்த மாற்றுக் கருத்தும் இதே தட்டையான வளைகோட்டை விளக்க எழுந்ததுதான்.