சாக்பீஸ் குறி

எங்கள் ராயபுரம் வீட்டுப் பரணில் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைச் சாக்பீஸ் கிறுக்கல் ஒன்று. சுங்க அதிகாரி சோதித்து முடித்ததற்கான அடையாளம் அது. அம்மா கடைசிவரை துடைக்க விடவில்லை.

1926-இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்த்து வைத்தது. அடுத்து ‘எம்.வி. சிதம்பரம்’. 1974-இல் சித்தப்பா அதில்தான் சிங்கப்பூர் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. பாஸ்போர்ட்டோடு அம்மை ஊசிச் சான்றையும் சட்டைப்பையில் பத்து தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். துணிமூட்டை, அப்பளக் கட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் சுங்க வரிசையில் பிரித்துக் காட்டி, சணல் கயிற்றைப் பல்லால் இழுத்து மறுபடி முடிச்சுப் போட்டார். தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: “அண்ணி, ஊறுகா பத்திரமா கீது!”

வேலைக்குப் போனவர்களின் கப்பல் அது. அதனால்தான் அந்த வரிசையில் அத்தனை பயம்.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அந்தத் தடமும் நின்றது. 2023 ஜூனில் ‘எம்ப்பிரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. பிறகொரு பயணத்தில் என் மகளும் போனாள். அவள் பெட்டி எக்ஸ்ரே கருவிக்குள் போய் மறுபக்கம் வந்தது. அதன்மேல் ஒரு கோடும் இல்லை.