12 மீட்டர் பேருந்தும் 0.02 மில்லிமீட்டரும்

"மலருக்கு நம்ம துறை சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டார். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. ஆகவே என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு கணக்கின் வரலாற்றை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், 12 மீட்டர் பேருந்தின் கூரையில் நிற்கும் ஆண்டெனாவைக் கம்ப்யூட்டரில் சோதித்துக் கொண்டிருந்தோம். கட்டம் ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர். இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய கணக்கு, 24 நாள் ஆகும் என்றது. திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் நேர அடியை நானே கையால் கூட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மின்புலம் கோடி கோடியாக ஏறி, எண்ணே இல்லாமல் போய்விட்டது! மாடலைத் தயாரித்த ஜூனியரும் நம் கல்லூரிப் பையன்தான். "அண்ணா, நான் எதையும் மாத்தலை" என்றான். நான் நம்பவில்லை.

இந்த வம்புக்கு வயது அதிகம். கம்ப்யூட்டரே இல்லாத 1928-இல் கூரண்ட், பிரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது விடை அல்ல, சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு என்ற நிரூபணம். அதில் கிடைத்த நிபந்தனை இதுதான்: அலை ஒரு கட்டத்தைத் தாண்டுவதற்குள் கணக்கும் அடுத்த அடியை எடுத்து வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிழை பெருகிக்கொண்டே போகும்.

1966-இல் கேன் யீ, மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகத் தீர்க்கும் முறையை வெளியிட்டார். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைக் கட்டம் தள்ளித் தள்ளி வைத்த அழகான யோசனை. ஆனால் அவர் கொடுத்த நிலைத்தன்மை நிபந்தனை சரியில்லை. 1975-இல்தான் டாஃப்லவும் பிராட்வினும் அதைத் திருத்தினார்கள். முன்னோடிக்கே சறுக்கிய இடம் என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்!

திருத்திய கணக்குப்படி, 10 மில்லிமீட்டர் கட்டத்துக்கு நேர அடி சுமார் 19 பிக்கோசெகண்ட் வரை போகலாம். ஆனால் ஒரே ஒரு கட்டம் ஒரு திசையில் 0.02 மில்லிமீட்டராகச் சுருங்கினால் போதும், மொத்தப் பேருந்துக்கும் அடி 0.067 பிக்கோசெகண்ட்தான். கிட்டத்தட்ட 290 மடங்கு வேலை. கடுகு ஒன்று, ஆனால் காத்திருப்பது பந்தி முழுவதும்.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. 1981-இல் ஹாலண்டும் சிம்ப்சனும், கட்டத்தைவிட மெல்லிய கம்பியைக் கட்டத்தைச் சுருக்காமலே கணக்கில் சேர்க்கும் வழியைக் கொடுத்தார்கள். எங்கள் ஆண்டெனாக் கம்பிக்கும் அதே தத்துவம்தான். 1999-இல் நமிகி, நேர அடிக்கு அந்த உச்சவரம்பே இல்லாத ஒரு முறையைக் காட்டினார். கணக்கு வெடிக்காது, உண்மைதான். ஆனால் அடியை நீட்ட நீட்ட விடையின் துல்லியம் குறையும். என்னைக் கேட்டால், அது கடைசி மருந்து. முதலில் சின்னக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும்.

அன்று இரவு பார்த்தோம். மிகச் சிறிய கட்டம் எங்கே என்று கேட்டால் மென்பொருளே காட்டும், நான்தான் கேட்கவில்லை. ஆண்டெனாவின் அடித்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே 0.02 மில்லிமீட்டர் சந்து. தொட வேண்டியது தொடாமல் நின்றது. படத்தை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றும்போது தசமத்தைச் சுருக்கியது யார் என்று பார்த்தால், நான்! சந்தை மூடியதும் இரண்டு மணி நேரத்தில் கணக்கு முடிந்தது.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, ரிப்போர்ட்ல என் பேரையும் சேத்துடுங்க" என்றான். முதல் பெயராகப் போட்டேன்.