அல்லைப்பிட்டியின் மலிவுக் கிண்ணங்கள்

பழைய சீனப் பீங்கான் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது கீறல் விழாத, நீலப்பூ வரைந்த முழுத் தட்டுகளை. யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1977இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தெடுத்தவை அந்தக் கணக்கில் சேராதவை. சீனாவின் வடசோங் காலத்தின் இறுதியை, ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த உடைசல்கள் அவை. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகமும் இலங்கை மத்திய கலாசார நிதியமும் அங்கே மறுபடி அகழ்ந்தபோது, குவாங்சோவின் சிசுன் சூளைப் பொருள்களும் அடையாளம் காணப்பட்டன. இவை அரண்மனைக்கென்று செய்தவை அல்ல. இன்றைய சாப்பாட்டுக்கடைத் தட்டுகளைப் போல, கடல்கடந்த சந்தைக்காக மொத்தமாகச் சுட்டவை. அந்த மலிவுதான் அவற்றைத் தீவுகளின் வரலாற்றுக்கு விலைமதிப்பற்ற சான்றாக்குகிறது என்பது என் வாதம். அரிய தட்டொன்று அரசனுக்கு வந்த பரிசாக எந்தக் கரையிலும் தனியே ஒதுங்கலாம். மலிவுச் சரக்கு அப்படி வராது. அதை ஏற்றி வருவதில் இலாபம் இருக்க வேண்டும். கப்பல்கள் வழமையாக வந்துபோகும் துறை வேண்டும். வாங்கவோ கைமாற்றவோ ஆட்கள் வேண்டும்.

ஒரே கப்பல் உடைந்து ஒதுங்கிய சரக்காக இது இருக்கலாமே என்று கேட்கலாம். காலம் இவ்வளவு நெருக்கமாக அமைவதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கப்பல் உடைவதுகூட இந்தக் கடலில் தற்செயலாக விடப்படவில்லை. சில பத்தாண்டுகள் பிந்திய, மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, பரதேச வணிகர் ஊராத்துறைக்கு, இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்குவதையும் அவர்களுக்கான பாதுகாப்பையும் பேசுகிறது. யானை, குதிரை ஏற்றிய கலம் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. மற்ற வாணிபச் சரக்கென்றால் சரிபாதி. இப்படி வகைபிரித்துப் பங்கு விதிக்க வேண்டுமானால், கலங்கள் அடிக்கடி வந்திருக்க வேண்டும், அடிக்கடி உடைந்தும் இருக்க வேண்டும். எதிர்க்கரைச் சோழநாட்டின் கங்கைகொண்டசோழபுரத்திலும் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1077இல் சோழத் தூதர் சோங் அரசவைக்குப் போயிருக்கிறார்கள். சோழநாட்டுக்கும் சீனாவுக்கும் இடையிலான அந்தக் கடல்வழிக்கு அருகில்தான் இந்தத் தீவுகள் கிடக்கின்றன.

இவை இறக்கி மறுபடி ஏற்றும் சரக்கு, தீவார் இவற்றில் உண்டதற்குச் சான்றில்லை என்பது இன்னொரு மறுப்பு. அது நியாயமானது, அவர்கள் உண்டார்கள் என்று நானும் சொல்லவில்லை. குடாநாட்டின் விளிம்பு என்று இன்று நாம் நினைக்கும் இடம் அன்று கடல்வழியின் நடுவே இருந்தது என்பதை நிறுவ இவையே போதும். அழகிய முழுத் தட்டுகளும் வரலாறு சொல்லும்தான். ஆனால் கிடைத்த இடம் தெரியாமல் அலுமாரிக்குப் போன தட்டு, செய்தவனைப் பற்றியே பேசும். வந்திறங்கிய கரையைப் பற்றி ஒன்றும் பேசாது.

அதனால் துண்டு கிடைத்த இடத்தைக் குலைக்காமல் காப்பதும் அவசியம். இலங்கையில் தொல்பொருள் தேடி அனுமதியின்றித் தோண்டுவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ மெருகிட்ட துண்டுகள் வெளிப்பட்டால், நல்லதைப் பொறுக்கி மற்றதை எறிந்துவிடாதீர்கள். வேலையை நிறுத்தி, இடத்தைக் குறித்துவைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.