சத்திரம் முதல் முதியோர் இல்லம் வரை

காவிரிக் கரையில் வயலை உழுது, பிள்ளைகளைப் படிக்கவைத்து, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிய பெற்றோர் பலர் இன்று தனித்திருக்கின்றனர். அவர்களுக்கோர் இடம் தேடும் மக்கள் முன் முதியோர் இல்லம், காப்பகம், பராமரிப்பு இல்லம் எனப் பல பெயர்கள் நிற்கின்றன. எல்லாம் ஒன்றே என எண்ணி விடுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

நம் தஞ்சை மண்ணின் பழைய சொல் சத்திரம். நெடுநாள் வேள்வியைக் குறித்த வடசொல்லினின்று பிறந்த இது, அன்னமிடும் இடத்திற்குப் பெயராயிற்று. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில், சத்திரங்களில் எல்லாச் சாதி வழிப்போக்கரும் உணவு பெற்றதையும், நோயுற்றோரை மருத்துவர் பேணியதையும், இறந்தோர்க்கு ஈமக்கடன் ஆற்றப்பட்டதையும் விவரிக்கிறார். அடுத்த ஆண்டே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. ஆயினும் சத்திரத்திற்கு வந்தவர் விருந்தினரே. முதுமையைச் சுமக்கும் பொறுப்பு குடும்பத்துடையதாகவே இருந்தது.

முதியோரைப் பேணுவதற்கெனத் தனி இல்லங்கள் பண்டைய கிழக்குத் திருச்சபையில் இருந்தன. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டங்கள், அவற்றை அயலார் விடுதி, நோயாளர் இல்லம், அநாதை இல்லம் ஆகியவற்றினின்று பிரித்தே பெயரிட்டன. 1839இல் பிரான்சு நாட்டில் பார்வையற்ற மூதாட்டி ஒருவருக்குத் தம் படுக்கையையே அளித்த புனித ழான் ஜுகானின் துறவற சபை, 1882இல் கொல்கத்தாவில் கால்பதித்தது. 2007ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டமோ, மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்க வழிசெய்தது.

இன்று நாம் உணர வேண்டிய வேறுபாடு இது: நடமாடும் முதியோர்க்கு உணவும் உறைவிடமும் தருவது முதியோர் இல்லம், படுக்கையில் கிடப்போர்க்குச் செவிலியர் துணை தருவது பராமரிப்பு இல்லம், தீரா நோயின் வலி தணித்து இறுதிவரை உடனிருப்பது ஹாஸ்பிஸ். விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இந்தக் கடைசிப் பெயரின் வேர்.

பெயர் மயங்கினால் துன்புறுவது முதியவரே. நடக்க இயலாத தாயை நடமாடுவோர்க்கான இல்லத்தில் சேர்த்தால், சின்னாளில் அவர் வேறிடம் மாற நேரிடும். எனவே பெயர்ப்பலகையோடு நில்லாது, "இரவில் செவிலியர் உண்டா? நோய் முற்றினும் வைத்துக் கொள்வீர்களா?" எனக் கேட்போம். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவரை 'அநாதை' என எழுதும் பதிவேட்டில் அவர் பெயரைச் சேர்க்கவும் இசையாதிருப்போம். சத்திரத்து வழிப்போக்கரே விருந்தினராக மதிக்கப்பட்ட நாடு இது.