அடகுக் கடையின் அன்றாடச் செலவு – ஒரு வரலாற்றுப் பார்வை

அடகுக் கடை என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது வட்டியே. ஆயினும் வட்டியை முற்றிலும் விலக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அக்கடையில் காலை முதல் மாலை வரை செய்து தீர வேண்டிய வேலை குறைவதில்லை. வந்த நகையை உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்க்க வேண்டும். கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை காண வேண்டும். பேரேட்டில் பதிந்து சீட்டு எழுத வேண்டும். பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். மீட்க வருபவரிடம் அதே பொருளைச் சேதமின்றி ஒப்படைக்க வேண்டும். வராதவருக்கு அறிவிப்பு அனுப்பி ஏலத்திற்கு நாள் குறிக்க வேண்டும். மதிப்பீட்டாளர், எழுத்தர், காவலர் ஆகியோருக்கு ஊதியம் தருவது யார்? கடன் வாங்கியவரே தருவாராயின் அது வட்டியாகிவிடாதா? பைத்துல்மால் வழியாக நகைக்கடன் வழங்க எண்ணும் எந்த ஜமாஅத்தும் இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது.

அடமானம் மார்க்கம் அனுமதித்த ஒன்று. 'ரஹ்ன்' எனப்படும் இதனைத் திருக்குர்ஆன் சூரா அல்பகராவின் 283ஆம் வசனம் குறிப்பிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் தம் கவசத்தை அடகு வைத்து முப்பது ஸாவு வாற்கோதுமை பெற்றதையும், அவர்கள் வஃபாத்தானபோது அக்கவசம் மீட்கப்படாமலேயே இருந்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் காண்கிறோம். அங்கே கடையும் இல்லை, சம்பளக்காரரும் இல்லை. இருவருக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கல் அது. நூற்றுக்கணக்கானோரின் பொருள்கள் ஓரிடத்தில் குவியும்போதுதான் சிக்கல் எழுகிறது.

இச்சிக்கலை நெடுங்காலம் விவாதித்தவர்கள் இத்தாலியக் கிறிஸ்தவர்கள் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். அன்றைய திருச்சபைச் சட்டத்திலும் வட்டி பெரும் பாவமே. 1462இல் பெருஜா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் 'மோந்தே தி பியெத்தா' என்ற ஏழைகளுக்கான அடகு நிலையம் தோன்றியது. நன்கொடைகள் திரட்டி முதலாக்கினர். விரைவில் இத்தகைய நிலையங்கள் பல நகரங்களுக்கும் பரவின. (இவற்றிற்காகப் பிரசாரம் செய்த துறவியருள் சிலர் யூதர்கள் மீது மக்களைத் தூண்டிவிட்டதும், அதனால் சில ஊர்களிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டதும் இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். அதை மறைப்பது முறையன்று.)

அந்நிலையங்களின் நடைமுறை ஒழுங்கு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பொருள்களுக்குப் பொறுப்பாளி ஒருவர்; அவர் தமக்கு ஜாமீன் கொடுத்த பின்னரே பதவியேற்பார். மதிப்பிடுபவர் வேறு, பணம் கொடுப்பவர் வேறு, கணக்கு எழுதுபவர் வேறு. பொருளின் மதிப்பில் ஒரு பகுதியே கடனாகக் கிடைக்கும். ஒருவர் பெறக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு. செல்வர் வந்து முதலை முழுதும் அள்ளிச் சென்றால் ஏழைக்கு எஞ்சுவதில்லை அல்லவா? தம் சொந்தத் தேவைக்கே வாங்குவதாகவும், சூதுக்கு அன்று எனவும் கடன் பெறுபவர் உறுதி கூற வேண்டும். அடகுக்கு வந்தவை பெரும்பாலும் மேலங்கி, படுக்கை விரிப்பு, பாத்திரம், தொழிற்கருவி போன்றவையே. இவற்றைக் காப்பது தங்கத்தைக் காப்பதினும் கடினம்; இடத்தை அடைக்கும், பூச்சி அரிக்கும். குறித்த காலத்தில் மீட்கப்படாதவை ஏலத்தில் விற்கப்பட்டன. கடன் போக மீந்த பணம் உரியவருக்கே சேர்ந்தது.

பெரும்பாலான நிலையங்கள் செலவுக்கென ஒரு சிறு தொகையைக் கடனாளியிடம் பெற்றன. "இது வட்டியே" என்று பிற துறவியர் வெகுண்டெழுந்தனர். அகஸ்தீனியத் துறவி ஒருவர் 1496இல் எழுதிய நூலில் 'பியெத்தா' என்னும் பெயரையே புரட்டி, இது இறைபக்தியின் குன்றன்று, இறைமறுப்பின் குன்று என எள்ளினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சர்ச்சைக்குப் பின் 1515 மே மாதம் போப் பத்தாம் லியோ தீர்ப்பளித்தார். ஊழியர் ஊதியத்திற்கும் நிர்வாகச் செலவிற்கும் மட்டும் பெறலாம். நிலையம் இலாபம் ஈட்டலாகாது. அத்துடன், நிறுவுவோரே செலவில் பாதியையேனும் ஏற்கும் வகையில் நிதி ஒதுக்கி இலவசமாக நடத்துவதே மேலானது என்றும் அத்தீர்ப்பு கூறியது. நம் வக்ஃபு முறையை அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது.

நம் இமாம்களோ இதனை இன்னும் நுணுகிப் பிரித்துப் பார்த்தனர். அடகுப் பொருளைப் பாதுகாக்கும் இடத்தின் வாடகையும் காவல் கூலியும் கடன் கொடுத்தவரையே சாரும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. பராமரிப்புச் செலவு பொருளின் உரிமையாளரைச் சாரும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழும் தமிழகத்தில் இது வெறும் ஏட்டு வேறுபாடன்று.

ஷாஃபிஈ மத்ஹபு வழங்கும் மலேசியாவில் 1992 ஜனவரியில் திரங்கானு மாநிலத்திலும், அதே ஆண்டு மார்ச்சில் கிளந்தானிலும் 'அர்ரஹ்னு' எனும் இஸ்லாமிய அடகு நிலையங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் வங்கிகளும் இதில் இறங்கின. இங்கே பரவலாகப் பின்பற்றப்பட்ட வழி 'பாதுகாப்புக் கூலி'. அது கடன் தொகையின் மீதன்று, நகையின் மதிப்பின் மீது கணக்கிடப்பட்டது. ஒரே எடையுள்ள வளையலை இருவர் வைத்து, ஒருவர் பத்தாயிரமும் மற்றவர் ஐயாயிரமும் பெற்றால், இருவருக்கும் கூலி ஒன்றே. காக்கப்படும் பொருள் ஒன்றே என்பதால் இது நியாயம். எனினும் குறைவாகப் பெற்றவர் முணுமுணுப்பார். அவருக்குச் சலுகை தரக் கடன் தொகைக்கேற்பக் கட்டணத்தை மாற்றினால், விலக்க நினைத்தது பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். மலேசிய அறிஞர்களின் விமர்சனமும் இவ்விடத்தையே சுட்டியது.

வட இந்தியாவில் 1961இல் தொடங்கிய தேவ்பந்த் முஸ்லிம் ஃபண்டு, வட்டியில்லாச் சேமிப்பைத் திரட்டி நகையின் பேரில் கடன் வழங்கியது. படிவ விற்பனை வருவாயில் செலவைச் சமாளித்தது. இங்கும் அதே கேள்விதான். படிவத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் சிறு கடனாளிக்குச் சுமை. கடனுக்கேற்ப உயர்ந்தால் ஐயம்.

1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கடனுக்கான சேவைக் கட்டணம் உண்மையான செலவின் அளவுக்குள் இருந்தால் ஆகும், அதற்கு மேற்பட்டது ஹராம் என முடிவு செய்தது. எனவே கணக்கு பேரேட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு மதிப்பீட்டாளர் ஊதியம் எவ்வளவு, பெட்டக வாடகை எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, சீட்டுகள் எத்தனை என்பதைத் தனித்தனியே எழுதிய பின்னரே, ஒரு சீட்டுக்கு எத்தனை ரூபாய் பெறலாம் என்பதும், அதில் எவ்வளவை ஜமாஅத்தின் பொது நிதி ஏற்கலாம் என்பதும் தெரியவரும்.