எந்த ஓ.டி.?

கிண்டி தொழிற்பேட்டையில் ஓ.டி. என்றால் ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்று பார்க்கிற வேலை. மயிலாப்பூர் மாட வீதியில் கடை வைத்திருப்பவருக்கு அது பேங்க்கில் இருப்பைத் தாண்டி எடுத்துக்கொள்ளும் பணம். எஞ்சினியரிங் காலேஜ் பையனைக் கேட்டால், வகுப்புப் பக்கமே தலைகாட்டாமல் அட்டெண்டன்ஸ் விழுகிற வழி என்பான். ஆங்கிலத்தில் இவற்றில் ஒன்றுக்கு எழுத்து வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. நம் 'டி' அவர்களுடைய இரண்டு எழுத்துக்கும் இடம் கொடுக்கும். ஆட்டோமேட்டிக் காரின் கியர் லீவரில் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும் சின்னப் பொத்தான், இந்த வரிசையில் நான்காவதாக வந்து நின்றது.

தி.நகரில் காரை எடுக்க வந்த ஒரு ஆக்டிங் டிரைவர், மீட்டருக்குள் மஞ்சளாக எரிந்த 'ஓ/டி ஆஃப்' விளக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், ஆஃப்னு போட்டிருக்கு. ஆஃப்னா அது எதுக்கு சார் எரியணும்?" பின் சீட்டிலிருந்து பதில் வந்தது: "அது ஸ்பீடு பட்டன்பா. சிட்டிக்குள்ள என்னத்துக்குன்னு நான்தான் அணைச்சு வெச்சிருக்கேன்." கேள்வி நியாயமானது. பதில்தான் தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கு அவரைக் குறை சொல்ல முடியாது, ஓவர்டிரைவ் என்ற பெயர் அப்படி.

சென்னைத் தமிழில் 'ஓவர்' எப்போதோ தனிச்சொல்லாகிவிட்டது. "ஓவரா பண்ணாத", "ஓவர் சீன் போடுறான்", "இது ரொம்ப ஓவர்" என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: அளவு மீறியது, அடக்க வேண்டியது. மோட்டார் உலகத்துக்கு வந்தாலும் ஓவர்லோடு, ஓவர்ஹீட், ஓவர்ஸ்பீடு என்று அபராதமோ செலவோ வைக்கிற சொற்கள்தான். புதுப்பேட்டை மெக்கானிக் "ஓவராயில் பண்ணணும்" என்றால் எஞ்சினைப் பிரித்துப் போடப்போகிறார் என்று பொருள். பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படிப் பழகிய காதில் 'ஓவர்டிரைவ்' விழுந்தால் என்ன தோன்றும்? தறிகெட்ட வேகம்தான்.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லின் முதல் பொருள் நல்லதல்ல. காருக்கு வெகுகாலம் முன்பே அது ஆட்டு மந்தைக்கு உரிய சொல்லாக இருந்தது. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில், ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில், யாக்கோபு தன் அண்ணன் ஏசாவிடம் சொல்கிறார்: குட்டி போட்ட ஆடுமாடுகள் கூட வருகின்றன, ஒரே ஒரு நாள் விரட்டினாலும் மந்தை செத்துவிடும் என்று. அந்த 'விரட்டுவது'தான் அங்கே ஓவர்டிரைவ். நம் 'ஓட்டு' என்ற வினையும் மாட்டிடமிருந்துதான் வண்டிக்கு வந்தது. (மனிதரைக் கலாய்ப்பதற்கும் அதையே வைத்துக்கொண்டது சென்னையின் தனிச் சாதனை.) மாட்டையோ வண்டியையோ அளவு மீறி ஓட்டினால் அதற்கு 'விரட்டு' என்று நமக்குத் தனி வினை இருக்கிறது.

கார்க்காரர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு வைத்தார்கள். அம்பாசடர் காலத்துக் கியர்பாக்ஸில் டாப் கியர் போட்டால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று சுற்றும். ஒன்றுக்கு ஒன்று, அதுவே நேரடி ஓட்டம். அந்த ஒன்றுக்கு மேலே போனால் 'ஓவர்'. விகிதம் 0.7 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,100 சுற்று சுற்றும்போது தண்டு 3,000 சுற்றுகிறது. ஆக, இங்கே 'ஓவர்' என்பது மிகை அல்ல, வெறும் 'மேல்'. 'டிரைவ்' என்பதும் டிரைவரின் வேலை அல்ல, தண்டின் சுழற்சி. காரின் வேகம் குறையாமலே எஞ்சினின் சுற்று குறைகிறது. சத்தம் அடங்குகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. எஞ்சின் இளைப்பாறும் கியருக்கு மந்தையைக் கொல்லும் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஓ.டி.க்களில் இதற்கு நெருங்கிய உறவு காலேஜ் ஓ.டி.தான்: உழைப்பு குறைவு, பதிவில் குறை இல்லை.

பழைய பொருளை விடாமல் காப்பாற்றியவர்கள் கிட்டார்க்காரர்கள். ஆம்ப்ளிஃபயரை அதன் திராணிக்கு மேல் திணறவிட்டு ஒலியைக் கரகரப்பாக்குவதற்கு அவர்களிடமும் ஓவர்டிரைவ் என்றே பெயர். அங்கே உண்மையிலேயே விரட்டல்தான்.

1934இல் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவில் ஓவர்டிரைவ் வந்தது. இங்கிலாந்தில் எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்து லேகாக் நிறுவனம் செய்த தனிக் கருவி பேர்பெற்றது. சுவிட்சைத் தட்டினால் வேலை செய்யும் இந்தக் கருவியை முதலில் எடுத்துக்கொண்ட கார்களில் ஒன்று ஸ்டாண்டர்டு வேன்கார்டு. நம் வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதே வேன்கார்டில்தான் தொடங்கியது. ஹெரால்டெல்லாம் பிறகு வந்தவை. 1990இல் மாருதி 1000 ஐந்து கியரோடு வந்தபோது யாரும் ஓவர்டிரைவ் என்று பேசவில்லை. ஐந்தாவது என்றார்கள், அவ்வளவுதான். எண்ணைக் கண்டு யாரும் பயப்படுவதில்லையே.

பொத்தானாக அது கைக்கு வந்தது நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகளில். மாருதியின் பழைய எர்டிகா ஆட்டோமேட்டிக்கில் மூன்றாவது கியர் சரியாக ஒன்றுக்கு ஒன்று, நான்காவதுதான் ஓவர்டிரைவ். பொத்தானை அழுத்தினால் கார் அந்த நான்காவதுக்குப் போகாது. விளக்கு சொல்வது அதை மட்டும்தான்: தடுத்து வைத்திருக்கிறாய் என்று. விளக்கு எரியாவிட்டால் எல்லாம் சரி. பெரும்பாலான நாள் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் ஊர்கிற காருக்கு அது ஆனாக இருந்தாலும் ஆஃபாக இருந்தாலும் ஒன்றுதான். நான்காவது விழுகிற வேகமே வராது. வித்தியாசம் தெரிவது திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். காலியாகும்போது. அங்கே அணைத்து வைத்தால் எஞ்சின் வீணாகக் கத்தும். அணைக்க வேண்டிய இடங்களும் உண்டு. நீளமான மிதமான ஏற்றத்தில், ஆள் நிறைய ஏற்றிய கார் நான்காவதுக்குப் போய்த் திணறி, மூன்றாவதுக்கு இறங்கி, மறுபடி நான்காவதுக்குத் தாவும். இந்தத் தள்ளாட்டம் கியர்பாக்ஸைச் சூடாக்கும். பொத்தானை ஒரு தட்டு தட்டினால் மூன்றாவதிலேயே நின்று இழுக்கும். இறக்கம் அதைவிட முக்கியம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவது ஊரறிந்த சங்கதி. அங்கே ஓவர்டிரைவை அணைத்தால் எஞ்சினே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாரம் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதுவும் போதாது. லீவரை 2க்கோ எல்லுக்கோ தள்ள வேண்டும். ஓவர்டேக்குக்குப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் கார் தானாகவே கியரைக் குறைத்துக்கொள்ளும்.

2022 ஏப்ரலில் எர்டிகாவுக்கு ஆறு கியர் பெட்டி வந்தது, பொத்தான் போய்விட்டது. ஐந்தாவதும் ஆறாவதும் இரண்டுமே ஓவர்டிரைவ்தான், ஆனால் எந்த விளக்கும் அதைச் சொல்வதில்லை. இனி இந்தப் பெயரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் கார்களில்தான். அப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மஞ்சள் விளக்கைக் கொஞ்சம் கவனிக்கவும். நிலையாக எரிந்தால் யாரோ பொத்தானை அழுத்தி மறந்திருக்கிறார்கள். விட்டு விட்டு எரிந்தால், பல மாடல்களில் கியர்பாக்ஸில் கோளாறு என்று காரே சொல்கிறது என்று அர்த்தம். விலை பேசுவதற்கு முன் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.