முதல் வெற்றிலை யாருக்கு?

செஞ்சின்னா நமக்கெல்லாம் ராஜா தேசிங்கும் மலைக்கோட்டையும்தான் ஞாபகம் வரும். அந்தச் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல, மெயின் ரோட்டுலேர்ந்து உள்ளே தள்ளி மேல்சித்தாமூர் இருக்கு. தமிழ்ச் சமணர்களோட மடம் இங்கேதான். (வடக்கேர்ந்து வந்த சேட்டுங்க இல்லீங்க, நயினார்னு சொல்ற நம்மூர் விவசாயிகள்.)

இவங்க சொல்லி வர்ற கதை ஒண்ணு 1906-ல வந்த தென்னார்க்காடு கெசட்டியர்ல இருக்கு. மயிலை சீனி. வேங்கடசாமியும் 'சமணமும் தமிழும்' நூல்ல எழுதியிருக்கார்.

கி.பி. 1478. செஞ்சியை ஆண்ட நாயக்கர், உயர்ந்த குலங்கள் எனக்குப் பெண் தரணும்னு கேட்டாராம். பிராமணர்கள், "சமணர் கொடுத்தா நாங்களும் தர்றோம்"னு நழுவிட்டாங்க. சமணர்கள் சரின்னு சொல்லிட்டு, கல்யாண நாளன்னிக்கு மணப்பெண் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பெண் நாயைக் கட்டி வெச்சுட்டுப் போயிட்டாங்க. நாயக்கருக்கு வந்த கோபத்துல சமணர் தலைகள் உருண்டன. தப்பிச்சவங்க ஊரை விட்டு ஓடினாங்க. மிச்சம் பேர் பூணூலைக் கழட்டிட்டு திருநீறு பூசிக்கிட்டாங்க. 'நீறுபூசி வேளாளர்'ங்கற பேர் அப்படி வந்ததுதானாம்.

(செஞ்சியில நாயக்கர் ஆட்சி வேரூன்றினதே இதுக்கு அப்புறம்தான். அதனால ஆண்டை அப்படியே எடுத்துக்க முடியாது. இது கல்வெட்டுச் செய்தி இல்லை, வாய்வழி வந்த நினைவு.)

எனக்கு முக்கியமாப் படறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

திண்டிவனம் பக்கத்து வேலூர்ல ஒருத்தர் குளக்கரையில சமண முறைப்படி மாலைக்கடன் செய்யறப்ப சேவகர்கள்கிட்ட மாட்டிக்கிட்டார். அன்னிக்கு நாயக்கருக்குக் குழந்தை பிறந்திருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல விட்டுட்டார். உயிர் பிழைச்சவர் நேரா சிரவணபெளகொளா போய்ப் படிச்சு, துறவியாகி, வீரசேனாச்சாரியார் ஆனார்.

தாயனூர் காங்கேய உடையார்னு இன்னொருத்தர். உடையார்பாளையம் ஜமீன்ல அடைக்கலம் புகுந்தவர். நிலைமை அடங்கினதும் ஊர் திரும்பினார். சிரவணபெளகொளா போய் வீரசேனரைக் கூட்டிட்டு வந்தார். ரெண்டு பேரும் ஊர் ஊராப் போய், பயந்து மறைஞ்சிருந்த குடும்பங்களைத் திரும்பச் சேர்த்தாங்க.

இந்த உழைப்புக்குச் சமூகம் கொடுத்த மரியாதை என்ன தெரியுமா? கல்யாணத்துல முதல் வெற்றிலை பாக்கு தாயனூர் உடையார் வம்சத்துக்கு!

எனக்குப் பிடிச்சது இதான். வெட்டினவனைத் திட்டி வருஷா வருஷம் ஒரு நாள் வெச்சிருக்கலாம். இவங்க சேர்த்துவிட்டவரைத்தான் நினைவுல வெச்சாங்க, அதுவும் கல்யாணப் பந்தல்ல. துக்கம் மறந்துபோகலை, ஒரு முறைமையா மாறிடுச்சு.

2011 கணக்குப்படி வடநாட்டுச் சமணர்களையும் சேர்த்தே தமிழ்நாட்டுல சமணர் 90 ஆயிரத்துக்கும் குறைவு. சிதறிக் கிடக்கிற இத்தனை சின்னக் கூட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு மேல்சித்தாமூர் மடமும் தேர்த்திருவிழாவும் ஒரு காரணம். ஒரு வெற்றிலையும்தான்.

உங்க ஊர்ல இப்படி ஏதாவது 'முதல் மரியாதை' இருக்கா? அது யாருக்கு, ஏன்னு பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கேட்டதைப் பதிவாப் போடுங்க மக்களே!